எடையைக் குறைக்குமா கைப்பட்டை?

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அஞ்சுகிராமத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலையில் நின்று பாருங்கள். வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே பத்துப் பதினைந்து பேர் வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், பலசரக்குக் கடைக்காரர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பொறியாளர் என்று பலரும் அதில் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் மணிக்கட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு பட்டை மினுங்குவதைக் காணலாம். நடந்த அடிகள், இதயத் துடிப்பு, 'எரித்த' கலோரி, உறங்கிய நேரம் எல்லாவற்றையும் அது சொல்லிவிடும் என்கிறார்கள்.

என் அம்மாவின் கையிலும் அப்படி ஒன்று உண்டு. அதை வாங்கிக் கட்டிவிட்டது நான்தான். அம்மாவின் உயரம் 152 சென்டிமீட்டர்; அப்போது எடை 64 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. ஐந்து கிலோவாவது குறைத்தால் மாத்திரையைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். மறுநாளே கடைக்குப் போய் 2,000 ரூபாய்க்கு ஒரு பட்டையை வாங்கி வந்தேன். இயற்பியல் கற்பிக்கும் எனக்குக் கருவிகளின் மேல் இயல்பாகவே ஒரு நம்பிக்கை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அம்மாவின் எடை 64.5 கிலோ!

பட்டை பழுதா? இல்லை. அம்மா நடக்கவில்லையா? நடந்தார். பிறகு ஏன் இப்படி? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நான் படித்தவற்றையும் வீட்டிலேயே செய்து பார்த்தவற்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அடியை எண்ணுவது எது?

முதலில் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அடிகளை எண்ணுவது முடுக்கமானி என்னும் சிறு உறுப்பு. ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நிற்கும் பயணிகள் முன்பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? அதே நிலைமம்தான் இங்கும் வேலை செய்கிறது. சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு நிறை, மெல்லிய சிலிக்கன் வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே அசையாத தகடுகள் உண்டு. இரண்டும் சேர்ந்து மின்தேக்கிகளாகின்றன. கை அசையும்போது நிறை சற்றே பின்தங்குகிறது, தகடுகளுக்கிடையேயுள்ள இடைவெளி மாறுகிறது, மின்தேக்குதிறனும் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து முடுக்கம் கணிக்கப்படுகிறது. நடக்கும்போது இம்முடுக்கம் அலையாக ஏறி இறங்கும். அலையின் முகடுகளை எண்ணினால் அடிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

ஆக, கருவி உண்மையில் எண்ணுவது காலடியை அன்று. மணிக்கட்டின் சீரான அசைவைத்தான். இவ்வேறுபாட்டை எங்கள் வீட்டு அடுக்களையிலேயே கண்டேன். அவியலுக்காக அம்மா உட்கார்ந்து தேங்காய் துருவினார். ஒரு முழுத் தேங்காய் துருவி முடிப்பதற்குள் 140 அடி 'நடந்து' விட்டதாகப் பட்டை காட்டியது! அதே அம்மா குடத்தை இடுப்பில் வைத்து, பட்டை கட்டிய கையால் அணைத்துக்கொண்டு தெருக்குழாயிலிருந்து வீடு வரை வந்தபோது, அந்த நடையில் பாதிக்கு மேல் கணக்கில் ஏறவில்லை. கடினமான வேலைக்குக் குறைந்த மதிப்பெண், எளிய வேலைக்கு மிகுந்த மதிப்பெண். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நானும் சில நூறு அடிகள் 'நடந்திருக்கிறேன்'.

சாதாரணமாகக் கையை வீசி நடப்பவருக்கு இக்குறை பெரிதன்று. ஒரே நபர் ஒரே கருவியை நாள்தோறும் அணிந்தால், நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்பதை அது நன்றாகவே சொல்லும்.

இதயத் துடிப்பை அளப்பது ஒளி. பட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உட்கவரும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தம் சிறிது மிகுகிறது. திரும்பி வரும் ஒளி சிறிது குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளியுணரி பிடித்துக்கொள்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ கை மிகுதியாக ஆடினாலோ அளவு தடுமாறும். தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் பச்சை ஒளியை உட்கவர்வதால், நம்மைப் போன்ற மாநிறத்தாரிடமும் கறுத்தவரிடமும் பிழை சற்று மிகுவதுண்டு.

அளப்பது வேறு, மதிப்பிடுவது வேறு

இதுவரை சொன்ன இரண்டும் அளவீடுகள். கலோரி கணக்கு அப்படிப்பட்டதன்று. உங்கள் உடல் செலவழிக்கும் ஆற்றலை நேரடியாக உணரும் உறுப்பு எதுவும் பட்டையில் இல்லை. நீங்கள் பதிவு செய்த வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றையும், துடிப்பையும் அசைவையும் சேர்த்து, ஏதோ ஒரு சமன்பாட்டில் போட்டுக் கிடைக்கும் மதிப்பீடு அது. அச்சமன்பாடு வேறு யாரையோ ஆராய்ந்து அமைக்கப்பட்டது. அரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து மிதிவண்டி மிதிப்பவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது முடுக்கமானிக்கு எங்கே தெரியப் போகிறது?

2017 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கைக்கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் செய்து, அவர்கள் சுவாசித்த ஆக்சிஜனையும் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையும் அளந்து உண்மையான ஆற்றல் செலவைக் கண்டார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இது பாராட்டத்தக்கதே. ஆனால் ஆற்றல் கணக்கில்? மிகச் சிறந்த கருவியின் பிழையே 27 விழுக்காடு. மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு! தராசு இப்படி இருந்தால் அந்தக் கடையில் நீங்கள் அரிசி வாங்குவீர்களா?

இன்னொரு மயக்கமும் உண்டு. பல கருவிகள் நாள் முழுவதற்குமான மொத்தச் செலவைக் காட்டுகின்றன. நாம் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூளை இயங்க, உடல் வெப்பம் காக்க ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு இதுவே நாளொன்றுக்கு 1,200 கிலோ கலோரி அளவில் ஆகும். மாலையில் பட்டை '1,600' என்று காட்டியதைக் கண்டு, அத்தனையும் நடந்து எரித்ததே என்று அம்மா எண்ணிவிட்டார். நானும் முதலில் கவனிக்கவில்லை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ரசவடைக் கணக்கு

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மருந்துவாழ் மலையில் 200 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்த வேலை நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கல் என்பது பள்ளியில் படித்ததுதான். 60 × 9.8 × 200 = 1,17,600 ஜூல். ஒரு கிலோ கலோரி என்பது 4,186 ஜூல். ஆக, வெறும் 28 கிலோ கலோரி! தசைகளின் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போகிறது. எனவே உடல் செலவிட்டது சுமார் 112 கிலோ கலோரி. வியர்த்து விறுவிறுத்து ஏறியதற்கு ஈடாவது ஒரே ஒரு வடை.

சமதளத்தில் நடப்பதற்கு, சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரைக் கிலோ கலோரி செலவாகும். அம்மாவின் அடி 60 சென்டிமீட்டர். 10,000 அடி என்றால் 6 கிலோமீட்டர். 6 × 64 × 0.5 = 192. மறுபக்கம் பாருங்கள். நேந்திரங்காய் வற்றல் 40 கிராம், அதாவது கை நிறைய ஓர் அள்ளு, ஏறத்தாழ 200 கிலோ கலோரி. ஒரு மேசைக் கரண்டித் தேங்காய் எண்ணெய் 120. நடக்க ஒன்றரை மணி நேரம். தின்ன இரண்டு நிமிடம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. உணவு கொஞ்சமும் கூடாமல் இருந்தால், நாள்தோறும் 10,000 அடி நடப்பவர் அதைக் கரைக்க 40 நாள் ஆகும். 'கொஞ்சமும் கூடாமல்' என்ற இடத்தில்தான் சிக்கல். மாலையில் பட்டை அதிர்ந்து வாழ்த்துச் சொன்னதும் அம்மா கேட்பார்: "பத்தாயிரம் ஆயாச்சு மக்களே, இனி ஒரு ரசவடை திங்கப்பிடாதா?" கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஒன்று என்பது இரண்டாகும். கருவி அடியை எண்ணியது; வடையை எண்ணவில்லை.

உடலும் நம்மை ஏமாற்றக்கூடியதே. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் ஹட்சா என்னும் மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிறார்கள். அவர்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் போன்சர் என்பவரும் குழுவினரும் ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டார்கள். இதற்குப் பயன்பட்ட முறை மிக அழகானது. ஹைட்ரஜனின் கன ஐசோடோப்பான டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18 உம் கலந்த நீரைக் குடிக்கச் செய்வார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் வெளியேறும், கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகங்களின் வித்தியாசத்திலிருந்து எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு உண்டாயிற்று, அதாவது எவ்வளவு உணவு எரிந்தது என்று கணக்கிடலாம். முடிவு வியப்பூட்டியது. ஹட்சாக்கள் மிகுதியாக உழைத்தபோதிலும், உடற்பருமனைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு நாளின் மொத்த ஆற்றல் செலவு நகரவாசிகளுடையதைவிட அதிகமாக இல்லை! ஓரிடத்தில் கூடிய செலவை உடல் வேறிடத்தில் சிக்கனம் செய்து ஈடுகட்டுகிறது என்பது போன்சரின் விளக்கம். இதன் அளவு பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

அம்மாவின் முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. பத்தாயிரம் என்று விதித்தது யார்? இது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எண் அன்று. 1964 ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறு ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர், நாளடைவில் உலகம் முழுவதற்கும் மருத்துவக் கட்டளை போல ஆகிவிட்டது.

2022 இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகள் வரை நடப்பதில் ஆயுள் நன்மை ஏறுகிறது, அதற்கு மேல் அவ்வளவாக ஏறுவதில்லை என்று தெரியவந்தது. அம்மாவின் பட்டையில் அன்றே இலக்கை 6,500 ஆக மாற்றிவைத்தேன். முழங்கால் நன்றி சொல்லிற்று.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒருவர் வீட்டு அனுபவம் அறிவியலாகாது. பலரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கருவி கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜாகிசிக் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வில் 18 முதல் 35 வயது வரையுள்ள 470 பேர் பங்குகொண்டனர். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, குழு ஆலோசனை. அதன் பிறகு ஒரு பிரிவினர் தம் உணவையும் பயிற்சியையும் தாமே பதிவு செய்து வந்தனர். மற்றொரு பிரிவினருக்கு உடலில் அணியும் கருவி தரப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் எடை பார்த்தார்கள். கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி அணிந்தவர்கள் குறைந்தது 3.5 கிலோ மட்டுமே! 2016 இல் இம்முடிவு வெளியானபோது பலர் திகைத்தார்கள்.

அதே ஆண்டு, நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலிருந்தும் ஓர் ஆய்வு வந்தது. 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்கள். சிலருக்கு வெறும் பட்டை, சிலருக்குப் பட்டையுடன் பணப் பரிசு, சிலருக்கு அப்பரிசு தருமத்துக்கு, சிலருக்கு எதுவுமில்லை. காசு கிடைத்த ஆறு மாதம் காசு பெற்றவர்கள் நன்றாக நடந்தார்கள். காசு நின்றதும் நடையும் தளர்ந்தது. ஓராண்டு முடிவில் எடையிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எந்தப் பிரிவிலும் இல்லை. பட்டை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார்கள். உங்கள் வீட்டு மேசை அறையையும் ஒரு முறை திறந்து பாருங்களேன்!

அப்படியானால் கருவியே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் அவசரமே. 2007 இல் அடிமானி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், அதை அணிந்தவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 அடி கூடுதலாக நடந்ததைக் கண்டார்கள். குறிப்பிட்ட இலக்கு வைத்துக்கொண்டவர்களிடம்தான் இப்பலன் தெரிந்தது. இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தது. 2022 இல் வந்த பெருந்தொகுப்பு ஒன்று சுமார் 1,800 அடி கூடுதல் நடையும், ஒரு கிலோ அளவில் எடைக் குறைவும் கிடைப்பதாகக் கூறுகிறது. ஒரு கிலோ சிறிதுதான். ஆனால் கூடுதலாக நடந்த நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் செய்யும் நன்மை எடைத் தராசில் தெரிவதில்லை.

நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று எனக்கு இவற்றிலெல்லாம் மேலாகப் படுகிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 537 ஆண் ஊழியர்களைத் தேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்குத் தொடக்கத்தில் அறிவுரை மட்டும். மறு பாதியினருக்கு அத்துடன் கைப்பேசியில் குறுஞ்செய்திகள்: இன்னது உண்ணுங்கள், இவ்வளவு நடங்கள் என்று. பச்சை விளக்கும் இல்லை, முடுக்கமானியும் இல்லை. இரண்டு ஆண்டில் முதல் பிரிவில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. 2013 இல் இது வெளியாயிற்று. கருவி எதை அளக்கிறது என்பதைவிட, அதன் வழியாக ஒருவரிடம் என்ன சொல்லப்படுகிறது என்பதே முக்கியம் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றியது.

அம்மாவுக்கு மட்டுமன்று, நமக்கெல்லாமே இது தலைக்கு மேல் வந்த வெள்ளம். 2019-21 இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையுள்ளவர்கள். அதுவும் உடற்பருமன் எண் 25 என்ற அளவை வைத்துச் சொன்னது. இந்தியர்களுக்கு 23 இலேயே எச்சரிக்கை தேவை என்பது மருத்துவர்கள் கருத்து. அம்மாவின் எண் 27.7.

பழைய தராசு

இத்தாலியின் பதுவா நகரில் சாந்தோரியோ என்னும் மருத்துவர் இருந்தார், கலிலியோவின் காலத்தவர். தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து தன்னைத்தானே முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். உண்டது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று குறித்து, 1614 இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிறைய எடை வெளியேறுகிறது என்பது அவர் கண்டது. நாடித் துடிப்பை அளக்க ஊசல் கொண்டு ஒரு கருவியையும் அவர் அமைத்தார். நம் கைப்பட்டையின் பாட்டனார் என்றே அவரைச் சொல்லலாம்!

எடைக் கட்டுப்பாட்டில் இன்றும் சாந்தோரியோவின் தராசே கைகொடுக்கிறது. 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 91 பேர். ஒரு பிரிவினர் நாள்தோறும் தங்கள் எடையைப் பார்த்தார்கள்; அதையொட்டி வாரந்தோறும் அவர்களுக்கு மின்னஞ்சலும் பாடமும் வந்தன. ஆறு மாதத்தில் உடல் எடையில் 6.5 விழுக்காடு குறைந்தார்கள். மற்றவர்களிடம் ஏறத்தாழ மாற்றமே இல்லை.

ஆனால் தராசைப் பார்க்கவும் ஒரு பக்குவம் வேண்டும். உப்பு மிகுந்த கருவாட்டுக் குழம்பு உண்ட மறுநாள் உடலில் நீர் தங்கி ஒரு கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பன்று. காலையில், கழிப்பறைக்குப் போய் வந்த பின், ஒன்றும் உண்ணாமல் எடை பார்த்து, ஏழு நாளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்கொழுப்பின் விழுக்காட்டையும் காட்டும் தராசுகள் விற்கின்றன. அவை பாதத்தின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி மின்தடையைப் பார்க்கின்றன. தண்ணீர் குடித்தாலே எண் மாறும். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளவைச் சொல்வதாக விளம்பரம் செய்யும் கைக்கடிகாரங்களை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு-மருந்து நிருவாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுபவர் அந்த எண்ணை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் வீட்டில் பட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பழைய நாட்குறிப்பு ஒன்றை அடுக்களை அலமாரியில் தொங்கவிட்டேன். காலை எடை, அன்றைய அடிகள், உண்டவை மூன்றையும் அம்மாவே எழுதினார். சோற்றை அகப்பையால் அன்றி ஒரு கிண்ணத்தால் அளந்தார். மரச்சீனிக் கிழங்கு உண்ணும் நாளில் சோற்றைப் பாதியாக்கினார். தீயலும் மீன்குழம்பும் நிற்கவில்லை. ஊற்றும் எண்ணெயைக் கரண்டியால் அளந்தார். ஏழு மாதத்தில் 64.5 என்பது 60.2 ஆயிற்று. இன்னும் ஒரு கிலோ பாக்கி. மாத்திரை கூடவில்லை.

உங்களிடம் பட்டை இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாயால் எண்ணிக்கொண்டே சரியாக 200 அடி நடங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். அடுத்து, ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு 200 அடி. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு 200 அடி. கடைசியாக, உட்கார்ந்தபடியே ஒரு தேங்காய். நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டி வையுங்கள். அம்மாவின் பட்டைக்கு எங்களுக்குக் கிடைத்தவை 196, 188, 71, 140.